கறுப்பு மெஷின் எல்லாம் கித்தான் தைக்குமா?

சுங்கை சிப்புட், கோலகங்சார், கோப்பெங், தாப்பா பக்கம் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் நீங்கள் வளர்ந்தவர் என்றால், உங்கள் வீட்டிலோ லயத்தின் அடுத்த கதவிலோ ஒரு கால் மெஷின் இருந்திருக்கும். பால்மரத்தில் விடியலுக்கு முன்பே வெட்டு தொடங்கிவிடும். மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும் அந்தக் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக ஓடும். பாலை எடுத்து எடை போட்டு வீடு திரும்பினால் பிற்பகல் கையில் இருக்கும். அந்தப் பிற்பகலில்தான் கால் மெஷின் ஓடும். மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடிய தோட்டங்களில், மின்சாரம் கேட்காத மெஷின் ஒரு சிறு தொழிற்சாலைக்குச் சமம். பள்ளிச் சீருடை, ரவிக்கை, தீபாவளிச் சட்டை என்று அதிலிருந்து வந்த வருமானம் பல குடும்பங்களின் அரிசிச் செலவைத் தாங்கியது.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் மற்ற நகரங்களுக்கும் பெயர்ந்தார்கள். கால் மெஷின்களில் சில பழைய இரும்புக் கடைக்குப் போயின. சிலவற்றின் இரும்புக் கால் மட்டும் காப்பிக் கடை மேசையின் அடியில் நிற்கிறது. இன்னும் சில, துணி போர்த்திய நிலையில் யார் வீட்டிலோ காத்திருக்கின்றன.

இப்போது உங்களுக்கு ஓர் எண்ணம் வருகிறது. கித்தான் பை தைத்து விற்கலாம், ஜீன்ஸ் மடிப்பு அடித்துக் கொடுக்கலாம், மோட்டார் சைக்கிள் சீட்டு உறை போடலாம். சேர்த்து வைத்த சில நூறு ரிங்கிட்டோடு பழைய மெஷின் பார்க்கப் போகிறீர்கள். விற்பவர் கறுப்பு உடம்பைத் தட்டிக் காட்டுகிறார்: "பழைய இரும்பு அக்கா, இது. எதை வைத்தாலும் தைக்கும்."

தைக்குமா? இந்தக் கேள்விக்கு உடம்பின் எடை பதில் சொல்லாது. வீட்டுக்கான பழைய கால் மெஷினின் தலை மட்டுமே 12 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆனாலும் அது சட்டைத் துணிக்காகச் செய்யப்பட்டது. பதில் மூன்று இடங்களில் இருக்கிறது: சக்கரம் சேர்த்து வைக்கும் ஆற்றல், ஊசியும் நூலும் போகும் வழி, துணியை நகர்த்தும் முறை. இந்த மூன்றையும் பார்க்கத் தெரிந்துகொண்டால் உங்கள் பணம் வீணாகாது.

சக்கரம் ஒரு சேமிப்பு வங்கி

உங்கள் கால் ஒரே சீரான விசையைக் கொடுப்பதில்லை. மிதிபலகை மேலும் கீழும் ஆடுகிறது. இணைப்புக் கோல் அந்த ஆட்டத்தைச் சுழற்சியாக மாற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடங்களில், அதாவது கோலும் சக்கரத்தின் மையமும் ஒரே நேர்கோட்டில் வரும் இடங்களில், நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் திரும்பாது. அந்த இடத்தைக் கடத்திவிடுவது சக்கரத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஆற்றல்தான். துணியை ஊசி துளைக்கும் கணத்திலும் அதே சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது.

இந்தச் சேமிப்புக்கு ஒரு குணம் உண்டு. வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். வேகம் மூன்றில் ஒன்றானால் ஆற்றல் ஒன்பதில் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே உள்ள கைச்சக்கரம் 2 கிலோ, அந்த எடை முழுவதும் மையத்திலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி விளிம்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்றில் ஓடும்போது அதில் ஏறத்தாழ 6.3 ஜூல் ஆற்றல் இருக்கும். 150 சுற்றில் 1.6 ஜூல். 60 சுற்றில் வெறும் கால் ஜூல்.

இப்போது 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கித்தான் மடிப்பு வருகிறது. அதைத் துளைக்க ஏறத்தாழ 3 கிலோ எடைக்குச் சமமான விசை, அதாவது 30 நியூட்டன் தேவை என்று கொண்டால், ஒரு குத்துக்கு 0.18 ஜூல் செலவு. 300 சுற்றில் ஓடும் சக்கரத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை. 60 சுற்றில் ஊரும் சக்கரத்துக்கோ, கையிருப்பில் முக்கால் பங்கு ஒரே குத்தில் போய்விடுகிறது. கீழே உள்ள பெரிய சக்கரமும் உங்கள் காலும் கொஞ்சம் ஈடு கொடுக்கும். ஆனாலும் மெஷின் திணறுவதை உங்கள் பாதமே உணரும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். திணறுகிறதே என்று வேகத்தைக் கூட்டி மடிப்பின் மேல் பாய்கிறார்கள். ஆற்றல் கிடைக்கிறது, ஊசி உடைகிறது. கனமான துணிக்கு நிதானம் வேண்டும். நிதானத்திலும் ஆற்றல் குறையாமல் இருக்க வேண்டுமானால் சக்கரம் கனமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். அதே 2 கிலோ எடை 8 சென்டிமீட்டருக்குப் பதில் 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், அதே சுற்று வேகத்தில் சேமிப்பு 2.25 மடங்காகும். தோல், கித்தான் தைக்கச் செய்த மெஷின்களில் கைச்சக்கரம் பெரிதாக இருப்பது அழகுக்காக அல்ல.

அடுத்தது வார் ஓடும் விகிதம். கீழ்ச் சக்கரத்தின் பள்ளம் 30 சென்டிமீட்டர் விட்டம், மேல் கப்பி 7.5 சென்டிமீட்டர் என்றால், ஒரு மிதிக்கு 4 தையல் விழும். மேல் கப்பி 15 சென்டிமீட்டர் என்றால் ஒரு மிதிக்கு 2 தையல்தான், ஆனால் ஊசியை இறக்கும் திருப்புவிசை இரட்டிப்பாகும். மலை ஏறும்போது சைக்கிள் கியரை இறக்குவது போலத்தான் இதுவும். ஆகவே மெஷின் பார்க்கப் போகும்போது தையல்காரரின் அளவு நாடா ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விட்டங்களையும் அளந்து வகுத்தால் போதும்.

ஊசியும் நூலும் போகும் வழி

ஊசிப் பெட்டியில் 90/14, 100/16 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் தண்டின் விட்டம்: 90 என்றால் 0.9 மில்லிமீட்டர், 110 என்றால் 1.1 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மயிரளவுதான் என்று தோன்றும். ஆனால் வட்டத் தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 90 எண் ஊசியை விட 110 எண் ஊசி வளையாமல் நிற்பதில் 2.2 மடங்கு வலுவானது. தடித்த துணியில் ஊசி உடைவதற்கு முன் வளைகிறது. வளைந்த ஊசி கீழே உள்ள உலோகத் தட்டில் மோதும், அல்லது ஷட்டிலின் கூர்முனையில் மோதும். ஊசி மலிவாகக் கிடைக்கும். ஷட்டில் அப்படிக் கிடைக்காது.

நூலுக்கும் ஓர் எண் உண்டு. டெக்ஸ் என்பது 1,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். சாதாரணச் சட்டைத் தையல் நூல் டெக்ஸ் 30க்கு அருகில் இருக்கும். பை, சீட்டு உறை தைக்கும் நைலான் நூல் டெக்ஸ் 70. அதற்கு 110/18 ஊசி வேண்டும். வீட்டு மெஷின்களுக்கு ஏறத்தாழ இதுவே எல்லை. லாரிக் கித்தானுக்கும் தடித்த தோலுக்கும் போடும் டெக்ஸ் 135 நூலுக்கு 140 அல்லது 160 எண் ஊசி தேவை. அந்த ஊசி வீட்டு மெஷினின் தட்டுத் துளையில் நுழையாது. நுழைந்தாலும் அந்த நூல் ஷட்டிலைச் சுற்றி வர இடம் இருக்காது.

நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வெயிலையும் நினைவில் வையுங்கள். வெயிலில் கிடக்கும் பொருளுக்கு நைலானை விடப் பாலியெஸ்டர் நூல் அதிக நாள் தாங்கும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கும்.

தையல் நீளத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. நெருக்கமாகத் தைத்தால் வலு கூடும் என்பது மெல்லிய துணிக்குப் பொருந்தும். ரெக்சின், தோல், பூச்சுப் போட்ட கித்தான் ஆகியவற்றில் ஊசி இடும் துளை மறுபடி மூடிக்கொள்ளாது. நெருக்கமான துளைகள் அஞ்சல் தலையின் ஓரம் போல் வரிசையாக நின்று, அந்தக் கோட்டிலேயே கிழிய வழி செய்யும். இத்தகைய பொருளுக்கு 4 மில்லிமீட்டர் அளவில் நீளத் தையல் வேண்டும். நீங்கள் பார்க்கும் மெஷின் அந்த நீளத்துக்குப் போகிறதா என்று வெறும் தாளில் குத்திப் பார்த்தே சொல்லிவிடலாம்.

துணியை யார் நகர்த்துகிறார்கள்?

சாதாரண மெஷினில் கீழே உள்ள பற்கள்தான் துணியைத் தள்ளுகின்றன. மேலே உள்ள பாதம் அழுத்தி நிற்கிறது, நகர்வதில்லை. ஆகவே கீழ்த்துணி முன்னேறும், மேல்துணி சற்றுப் பின்தங்கும். சட்டைத் தோளில் இது தெரியாது. இரண்டு மீட்டர் கித்தானில் கடைசி முனை விரல் அளவு விலகி நிற்கும். ரெக்சின் என்றால் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகரவே மறுக்கும்.

இதற்காகவே மேலும் கீழும் சேர்ந்து துணியை நடத்திச் செல்லும் மெஷின்கள் வந்தன. அவற்றின் பாதம் ஒவ்வொரு தையலுக்கும் தூக்கி வைத்து நடக்கும். நீளமான கித்தான், சோபா உறை, கார் சீட்டு ஆகியவற்றை நாள்தோறும் தைப்பதுதான் உங்கள் திட்டம் என்றால், இந்த அமைப்பு இல்லாத மெஷினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

எந்த வேலைக்கு எது?

பேராக்கில் உங்கள் கண்ணில் படும் பழைய கறுப்பு மெஷின்களில் பல சிங்கர்களாக இருக்கும். ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். 1856இல் அந்த நிறுவனம் தவணை முறையைத் தொடங்கியது. முழுப் பணமும் கையில் இல்லாத குடும்பங்களுக்குள் மெஷின் நுழைந்தது அந்த வழியாகத்தான். ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்கில் 1880களில் எழுந்த அதன் பெரிய தொழிற்சாலை 1980இல் மூடப்படும் வரை, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு மெஷின்களை அனுப்பியது. அந்த இடத்தின் பெயர் கில்போவி. மாதிரி எண்ணின் பின்னால் 'கே' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது அங்கே பிறந்த மெஷின்.

15 கே: வீட்டு மெஷின். உருண்டை பாபின், எளிய அமைப்பு. பட்டர்ஃபிளை போன்ற ஷாங்காய் மெஷின்களில் பலவும் இதே அமைப்பைப் பின்பற்றியவை. ஆகவே ஊசியும் பாபினும் எளிதில் கிடைக்கும். ஜீன்ஸ் மடிப்பு, மெல்லிய கித்தான் பை என எப்போதாவது வரும் வேலையைத் தாங்கும். நாள் முழுக்க வரும் கனமான வேலைக்கு அல்ல. படகு வடிவ நீள ஷட்டில் உள்ள இன்னும் பழைய வீட்டு மெஷின்களைத் தடித்த நூலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

31 கே: தையல்காரர்களின் தொழில்முறை மெஷின். சீருடை, கால்சட்டை, ஜீன்ஸ், நடுத்தரக் கித்தான் ஆகியவற்றுக்கு ஏற்றது. இதை மிதித்தே வாழ்க்கையை ஓட்டிய தையல்கடைகள் ஏராளம். வீட்டிலிருந்து சிறு தொழில் தொடங்குபவருக்கு, நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: இதன் அடித்தட்டு நீளமானது. வீட்டு மெஷின் மேசையின் வெட்டில் உட்காராது. தலையை மட்டும் தனியாக வாங்கி, பாட்டியின் மேசையில் பொருத்திக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

29 கே: செருப்புத் தைப்பவர்களின் மெஷின். நீண்டு மெலிந்த கை, எந்தத் திசையிலும் சுழலும் பாதம். கீழே பற்கள் கிடையாது, பாதமே துணியை இழுக்கும். செருப்பு, பையின் மூலை, அறுந்த பட்டை ஆகியவற்றில் ஒட்டுப் போட இதற்கு ஈடில்லை. ஆனால் பழைய மாதிரிகளின் பாபின் மிகச் சிறியது. நீளமான நேர்த் தையலுக்கு இதை வாங்கினால் பாபின் மாற்றியே பொழுது போகும்.

45 கே: தோல், கித்தான் பட்டை போன்ற கடினமான வேலைக்குச் செய்யப்பட்ட பெரிய மெஷின். உண்மையிலேயே எதையும் தைக்கும் என்ற பேச்சு இதற்குப் பொருந்தும். அதே காரணத்தால் சட்டைத் துணிக்குப் பொருந்தாது.

மெஷினின் அடித்தட்டில் வலப்பக்கம் பொறித்துள்ள வரிசை எண்ணை வைத்து, எந்தத் தொழிற்சாலையில் எந்த ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் வயது விலைக்குக் காரணம் ஆகலாம், வலுவுக்குச் சான்று ஆகாது.

பார்க்கப் போகும் இடத்தில் கால் மணி நேரம்

நீங்கள் தைக்கப்போகும் அதே துணி, அதே நூல், புது ஊசி இரண்டு. இவற்றை எடுத்துச் செல்லுங்கள். விற்பவர் தரும் சட்டைத் துணியில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும்.

முதலில், நூல் கோக்காமல் கைச்சக்கரத்தை இரண்டு விரலால் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். சுற்று முழுவதும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால், பழைய எண்ணெய் பிசினாகியிருக்கிறது. இது தீரக்கூடிய நோய். ஒரே இடத்தில் மட்டும் இறுக்கினால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது துரு பிடித்திருக்கிறது. "டக்" என்று சத்தம் வந்தால் தேய்மானம். இந்த இரண்டுக்கும் செலவு உண்டு.

அடுத்து, ஊசித்தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் வேண்டாம். ஊசி கீழே போய்ச் சற்று மேலே ஏறும்போதுதான் ஷட்டிலின் முனை நூல் வளையத்தைக் கவ்வுகிறது. அப்போது முனைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு தாளின் தடிமன்தான் இடைவெளி. தண்டே ஆடினால் அந்த இடைவெளியை யாராலும் காப்பாற்ற முடியாது. தையல் தாண்டித் தாண்டி விழும்.

ஷட்டிலைக் கழற்றி அதன் முனையை வெளிச்சத்தில் பாருங்கள். கூர்மையாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். மழுங்கலோ துருப்பள்ளமோ இருந்தால் நூல் இழை இழையாகப் பிய்யும். பாபினும் பாபின் கேஸும் உள்ளே இருக்கின்றனவா? அந்த மாதிரிக்கான ஊசி இன்று கடையில் கிடைக்கிறதா? இதை வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். தொழில்முறை மெஷின் ஊசிகள் பலவற்றில் மேல்பகுதி முழு வட்டமாக இருக்கும், வீட்டு ஊசியில் ஒரு பக்கம் தட்டை. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் திணிக்கக் கூடாது.

உடம்பும் காலும் வார்ப்பிரும்பு. அதிர்வை விழுங்குவதில் அதற்கு நிகரில்லை. அதனால்தான் இந்த மெஷின்கள் அவ்வளவு அமைதியாக ஓடுகின்றன. ஆனால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பற்றவைப்பதும் கடினம். கீல், கால் இணையும் மூலை, மிதிபலகையின் முளை ஆகிய இடங்களில் விரிசல் தேடுங்கள். பெரிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது பக்கவாட்டில் கோணுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியில் உங்கள் துணி. முதலில் இரண்டு அடுக்கு, பிறகு நான்கு, பிறகு நீங்கள் தைக்க வேண்டிய மிகத் தடித்த மடிப்பு. பாதம் அதற்குமேல் ஏறுகிறதா? நிதானமாக மிதித்தால் ஊசி நிற்காமல் இறங்குகிறதா? தைத்த துணியைத் திருப்பிப் பாருங்கள். மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவில் கோத்திருக்க வேண்டும். கீழே நூல் கயிறு போல் கிடந்தால் முதலில் டென்ஷனைச் சரிசெய்து மறுபடி முயலுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

இறுகிய மெஷினில் மண்ணெண்ணெய் சில சொட்டு விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மெதுவாகச் சுற்றி அழுக்கைத் துடைத்த பிறகு, தையல் மெஷின் எண்ணெயையே போடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் கெட்டுத் தூசியோடு சேர்ந்து பிசினாகும். கார் எஞ்சின் எண்ணெய் இந்தச் சிறு இடைவெளிகளுக்குத் தடிப்பு அதிகம். கறுப்பு உடம்பை ஸ்பிரிட் கொண்டு துடைக்காதீர்கள். பொன்னிறப் பூவேலையின் மேல் பூசியிருக்கும் அரக்குப் பூச்சு கரைந்து, பூவும் போய்விடும்.

மிகத் தடித்த மடிப்பு வரும்போது காலை எடுத்துவிட்டுக் கைச்சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு குத்தாகக் கடத்துங்கள். அனுபவம் உள்ளவர்கள் செய்வது இதுதான். ஒவ்வொரு தையலிலும் அப்படிச் செய்ய வேண்டியிருந்தால், அந்த மெஷினுக்கு அது உரிய வேலை இல்லை என்று பொருள்.

அப்படியானால் பாட்டியின் மெஷினை என்ன செய்வது? அது 15 கே வகை என்றால் அதில் சீருடையும் ரவிக்கையும் மெல்லிய பையும் தையுங்கள். வாரம் ஒரு முறை எண்ணெய் விட்டால் உங்கள் பிள்ளைக்கும் அது உழைக்கும். கித்தானுக்கு அதற்கென்று செய்த மெஷினைத் தேடுங்கள். நாள்தோறும் பல மீட்டர் கித்தானோ ரெக்சினோ தைப்பது என்றால், மோட்டார் வைத்த, நடக்கும் பாதம் உள்ள மெஷினே நேர்மையான பதில். கால் மெஷினில் அந்த வேலையைச் செய்தால் முதலில் தேய்வது உங்கள் முழங்கால்.

லயத்தில் அந்தக் காலத்தில் மெஷினை மிதித்தவர்களுக்கு ஜூல் கணக்குத் தெரியாது. ஆனால் எந்தத் துணியை வைத்தால் மெஷின் முனகும் என்று அவர்கள் பாதத்துக்குத் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன், நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள்.